ரத்தம் சொன்னதும் மாமா சொன்னதும்

ஜி.ஜி.டி. என்ற மூன்றெழுத்தை டாக்டர்கள் சீட்டில் எழுதும் விதமே தனி. சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் எல்லாம் வரிசையாக மேலே இருக்கும். கல்லீரலுக்கு எல்.எஃப்.டி. என்று ஒரு வரி. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, பேனாவை அழுத்தாமல், ஏதோ ஞாபகம் வந்து சேர்த்த மாதிரி ‘ஜி.ஜி.டி.’ இருக்கும். சீட்டைக் கொண்டுவந்தவருக்கு அது என்னவென்று தெரியாது. கூட வந்த மனைவிக்கும் தெரியாது. லேபில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். இவர் எவ்வளவு குடிக்கிறேன் என்று சொன்னாரோ, அதை டாக்டர் நம்பவில்லை.

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன லேபில் 1980-களின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். ‘குடிப்பீங்களா’ என்று கேட்பது எங்கள் வேலை இல்லை. பெயர், வயசு, சாப்பிட்டு வந்தீர்களா, அவ்வளவுதான் கேட்போம். ஆனால் கையை நீட்டி உட்கார்ந்ததும், டூர்னிக்கெட்டை இறுக்கும்போதே சிலர் தானாகப் பேச ஆரம்பிப்பார்கள். “எப்பவாச்சும்தாம்மா.” “விசேஷம் வீடுன்னா மட்டும்.” “மூட்டை தூக்குற உடம்பு, வலிக்குத்தான்.” யாரும் கேட்காத கேள்விக்கு வரும் இந்தப் பதில்களைச் சொல்லும் ஆட்களின் வாயில் காலை ஏழு மணிக்கே ஏலக்காய் மணக்கும், இல்லையென்றால் வெற்றிலை. நீட்டிய கையின் விரல்கள் மட்டும் லேசாக ஆடும். உள்ளங்கையைத் திருப்பினால் கட்டைவிரல் மேடும் சுண்டுவிரல் மேடும் மருதாணி வைத்துக் கழுவியதுபோலச் சிவந்திருக்கும். பேசாமல் ஊசியைச் செருகுவேன்.

அப்போதெல்லாம் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டையும் ரெய்ட்மன், ஃப்ராங்கெல் என்ற இருவர் 1957-ல் எழுதிய முறையில்தான் போடுவோம். சீரத்தை வாயால் பிப்பெட்டில் உறிஞ்சி எடுத்துக் குழாயில் விட வேண்டும். வாட்டர் பாத்தில் 37 டிகிரியில் ஒன்றுக்கு ஒரு மணி நேரம், இன்னொன்றுக்கு அரை மணி நேரம். பிறகு டி.என்.பி.எச். கரைசல், 20 நிமிஷம் காத்திருப்பு. கடைசியில் காஸ்டிக் சோடா ஊற்றினால் குழாய்க்குள் பழுப்பும் சிவப்புமாக ஒரு நிறம் எழும். நிறம் கூடினால் கல்லீரல் செல்கள் உடைந்து நொதிகள் ரத்தத்தில் கொட்டியிருக்கின்றன என்று அர்த்தம். ஒரு ரிப்போர்ட் எழுத மதியமாகிவிடும். அந்தக் காலத்து டெக்னீஷியன்கள் கலோரிமீட்டரில் குழாயை வைக்கும் முன்பே, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உத்தேசமாக எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

அதே 1957-ல் இத்தாலியில் டி ரிடிஸ் என்ற மருத்துவர் இந்த இரண்டு நொதிகளின் விகிதத்தைப் பற்றி எழுதினார் என்பதை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். சாதாரண மஞ்சள் காமாலையில் எஸ்.ஜி.பி.டி.தான் எகிறி நிற்கும். குடியால் கெட்ட கல்லீரலில் தலைகீழாக எஸ்.ஜி.ஓ.டி. மேலே போகும், இரண்டு மடங்கைத் தாண்டினால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். எஸ்.ஜி.பி.டி. உருவாக வைட்டமின் பி6 வேண்டும். குடிக்கிறவர் உடம்பில் அது வற்றிக் கிடக்கும். அதனால்தான் அந்த எண் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

ஜி.ஜி.டி. கிட் வந்தபோது எங்களுக்கு அது ஒரு வேடிக்கையாக இருந்தது. இதில் எழுவது மஞ்சள் நிறம். செமி ஆட்டோ அனலைசரின் சின்ன ஜன்னலுக்குள் ஒவ்வொரு நிமிஷமும் மஞ்சள் கூடக் கூட மிஷின் அதை 405 நானோமீட்டர் ஒளியில் அளக்கும். கல்லீரல் செல்லின் மேற்சுவரிலும் பித்தக் குழாய்களிலும் இருக்கிற நொதி இது. மது தொடர்ந்து போகும்போது கல்லீரல் இதை அதிகமாகச் செய்து ரத்தத்தில் விடுகிறது. ஆணுக்கு 55, 60 வரை சரி என்று கிட் பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். குடியை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாக இறங்கும். நேற்று ராத்திரி என்ன நடந்தது என்பது இதற்குத் தெரியாது. போன மாதம் எப்படிப் போனது என்று ஓரளவு தெரியும்.

நேற்று ராத்திரியைச் சொல்கிற சோதனை வேறு. டிப்ளமா படிக்கும்போது ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் ராத்திரி டியூட்டி போடுவார்கள். ஏதாவது ஒரு கேஸில் கான்ஸ்டபிள் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவார். வண்டி எங்கேயோ மோதியிருக்கும். ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் எண்ட்ரி போட்டு, ரத்தம் எடுத்து ஃபாரன்சிக் லேபுக்கு அனுப்ப வேண்டும். புதிதாக வந்தவர்கள் பழக்கதோஷத்தில் ஸ்பிரிட் பஞ்சைக் கையில் எடுப்பார்கள். சீனியர் அக்கா ஒரு அதட்டு அதட்டுவார்: “ஸ்பிரிட்டை வைடி கீழே! கோர்ட்டுல வக்கீல் அதைத்தான் முதல்ல கேப்பான்.” சாராயத்தைத் தேடப் போகிற ரத்தத்தைச் சாராயம் தொட்ட தோலின் வழியாக எடுக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, சோடியம் ஃப்ளோரைடு போட்ட பாட்டிலில் ஊற்றி, மூடி மேல் அரக்கு வைப்போம். ஃப்ளோரைடு இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே கிருமிகள் வேலை செய்து அளவை மாற்றிவிடும்.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்பது எல்லை. விரல் நுனி ரத்தத்திலேயே மதுவை அளக்கலாம் என்று முறை வகுத்தவர் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் விட்மார்க், 1922-ல். ஒருவர் எவ்வளவு குடித்தார், அவர் எடை என்ன, மணிக்கு எவ்வளவு கரையும் என்று அவர் போட்ட கணக்கைத்தான் உலகம் முழுக்க இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் இறங்கும். எலுமிச்சை, மோர், தலைக்குக் குளியல் எதுவும் அதை விரட்டாது.

இந்த இடத்துக்கு வந்தால் மாமா ஞாபகம் வராமல் இருக்காது. அம்மாவின் தம்பி. லாரி ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காமல் போனபின் வண்டியை விட்டுவிட்டுக் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுத உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாது. தெருவில் விழுந்ததில்லை. அத்தை மேல் கை நீட்டியதில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு குவார்ட்டர், கூடக் கொஞ்சம் கடலை, பத்தரைக்குச் சாப்பாடு, படுக்கை. “வண்டியில ஏறிட்டா தொடவே மாட்டேன் பாப்பா. இப்பவும் அளவுதான்” என்பார். எங்கள் குடும்பத்தில் ‘குடிகாரன்’ என்ற சொல் பெரியப்பா மகன் ஒருவனுக்கு மட்டும்தான் வழங்கப்பட்டிருந்தது. மாமாவை அப்படிச் சொல்ல யாருக்கும் மனசு வராது. நியாயமும் இல்லை.

ஆனால் அந்தக் குவார்ட்டர் என்பது என்ன? 180 மில்லி. பாட்டில் மேல் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். சுத்த ஆல்கஹாலாகக் கணக்குப் போட்டால் 60 கிராமுக்கு மேல் வரும். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஒரு அளவு என்று வைத்திருக்கிறது. மாமாவின் ‘அளவு’ அந்தக் கணக்கில் ஆறு அளவு. 65 கிலோ எடையுள்ள ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு முடித்தார் என்று விட்மார்க் கணக்கில் போட்டுப் பார்த்தால், விடிகாலை ஐந்து மணிக்கு வண்டியை எடுக்கும்போதும் ரத்தத்தில் 30-ஐ ஒட்டித்தான் நிற்கும். ‘வண்டியில் ஏறினால் தொடமாட்டேன்’ என்று சத்தியம் செய்து ஓட்டிய எத்தனை டிரைவர்கள், தொட்டதைக் கூடவே ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்று வந்து வீட்டு முன்னறையில் கிளினிக் வைத்திருந்தவர். குடியை அவர் மூன்றாகப் பிரித்துச் சொல்வார். குடி இல்லாமல் இருக்க முடியாது, விட்டால் கை நடுங்கும், வேர்க்கும், சிலருக்கு வலிப்பே வரும், அது அடிமை. குடியால் கல்லீரலோ வயிறோ குடும்பமோ ஏற்கெனவே கெட்டிருக்கிறது, அது சேதம். மூன்றாவது, இன்னும் எதுவும் கெடவில்லை, ஆனால் இந்த அளவில் போனால் கெடும். “இந்த மூணாவது ஆளைத்தாம்மா பிடிக்கவே முடியாது. அவனுக்கும் தெரியாது, பொண்டாட்டிக்கும் தெரியாது” என்பார். முதல் வகைக்கு ஓரளவு வழி உண்டு. சென்னை இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை 1980-களிலேயே வந்துவிட்டது. மதுரையிலும் மறுவாழ்வு மையங்கள் பின்னால் வந்தன. மூன்றாவது வகைக்குப் போகுமிடம் என்று ஒன்றும் இல்லை. தெருமுனை டாக்டர்தான்.

சர்க்கரை பார்க்க வந்த மாமாவின் சீட்டில் அவர்தான் கீழே இடம் விட்டு அந்த மூன்றெழுத்தை எழுதினார். சர்க்கரை சரியாக இருந்தது. ஜி.ஜி.டி. 190.

எண்ணைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிற வயசு அது. அந்த நினைப்பைப் பின்னால் ஒரு டீச்சரின் ரிப்போர்ட் கலைத்துப் போட்டது. நாற்பது வயதிருக்கும். மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் காலம் வந்துவிட்டது. அவருக்கு ஜி.ஜி.டி. 240. மறுநாள் அவர் வீட்டுக்காரர் கவுண்டருக்கு வந்து, கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாளை மேஜை மேல் வைத்தார். “மேடம், இது குடிக்கிறவங்களுக்கு வர்றதுன்னு போட்டிருக்கே?” குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் கண்ணில் சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. டீச்சர் வாசல் படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. “வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறாங்களா?” என்று கேட்டேன். சின்ன வயசிலிருந்து ஃபிட்ஸுக்கு மாத்திரை. ஃபெனிடாயின். அந்த மாத்திரை ஒன்று போதும், ஜி.ஜி.டி. இப்படி ஏற. டாக்டரிடம் போகச் சொன்னேன். அவர் அரை மணி நேரம் அந்த வீட்டுக்காரருக்கு வகுப்பெடுத்ததாகக் கேள்வி.

ஜி.ஜி.டி. வாசலில் கட்டிய நாய் மாதிரி. திருடனைக் கண்டும் குரைக்கும், தபால்காரரைக் கண்டும் குரைக்கும். கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை, உடல் பருமன், பித்தப்பைக் கல், சில மாத்திரைகள் என்று எதற்கும் ஏறும். இன்னொரு பக்கம், வருஷக்கணக்காக ஊற்றிக்கொண்ட சிலருக்கு ஏறவே ஏறாது. அப்படி ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். 38 என்று வந்த ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “டாக்டரே லைசென்ஸ் குடுத்துட்டாரு” என்று சிரித்துக்கொண்டே போனார். நார்மல் என்ற சொல்லை இதைவிட ஆபத்தாக யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

செல் கவுண்டர் வந்தபோது இன்னொரு சாட்சி கேட்காமலே சேர்ந்துகொண்டது. அதற்கு முன் சிவப்பணுவின் பருமன் தெரிய வேண்டுமென்றால் நியூபார் சேம்பரில் மைக்ராஸ்கோப் வழியாக எண்ணி, பி.சி.வி.யைப் பார்த்து வகுத்துப் போட வேண்டும். அதை யார் செய்வார்கள். அமெரிக்காவில் வாலஸ் கூல்ட்டர் 1953-ல் காப்புரிமை வாங்கிய தத்துவம், சின்னத் துளை வழியே ஒவ்வொரு அணுவாகப் போகும்போது மின்தடை மாறுவதை அளப்பது, எங்கள் ஊர் லேபுக்கு வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. வந்தபின் சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே எம்.சி.வி. என்று ஒரு வரி அச்சாகி வந்தது. 80-லிருந்து 100 வரை சரி. தொடர்ந்து குடிப்பவருக்கு எலும்பு மஜ்ஜையிலேயே அணு பெரிதாக உருவாகி 100-ஐத் தாண்டும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். அதனால் குடியை விட்டாலும் மூன்று நான்கு மாதம் அது இறங்காது. இதுவும் குடிக்கு மட்டும் சொந்தமில்லை. சுத்த சைவமான எங்கள் லேப் முதலாளியின் அம்மாவுக்கு எம்.சி.வி. 112. பி12 குறைவு. பாட்டியை வைத்துக் கொஞ்ச நாள் கேலி ஓடியது.

இன்ஷூரன்ஸ் கேஸ்கள் காலை ஆறரைக்கே வந்துவிடும். ஏஜென்ட் முன்னால் வருவார், பாலிசி எடுப்பவர் வெறும் வயிற்றோடு பின்னால் வருவார். ஏஜென்ட் சொல்லிக் கூட்டி வந்திருப்பார், ஒரு வாரம் கை வைக்காதீர்கள் என்று. கீழாநெல்லி அரைத்துக் குடித்தவர், இளநீராகவே மூன்று நாள் ஓட்டியவர், கரும்புச்சாறு, முள்ளங்கி. ஒரு வார விரதத்தில் 200 எங்கே 55 ஆகப் போகிறது? சிலர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கோபப்படுவார்கள்: “ஒரு வாரமா தொடலங்க, உங்க மிஷின் சரியில்ல.” ஒரு வாரம் தொடவில்லை என்பது அநேகமாக உண்மை. அதற்கு முந்தைய வாரங்களை யாரும் அவரிடம் கேட்கவில்லை. எண் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

தபால்காரருக்குக் குரைக்காத சோதனை வேண்டும் என்று தேடியவர்களும் ஸ்வீடன்காரர்கள்தான். 1976-ல் ஹெலேனா ஸ்டிப்ளரும் அவருடன் இருந்தவரும், குடிநோயாளிகளின் தண்டுவட நீரில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் வித்தியாசமாக இருப்பதைக் கண்டார்கள். இரும்பைச் சுமந்து திரிகிற புரதம் அது. வழக்கமாக அதன் நுனிகளில் நான்கு சயாலிக் அமிலங்கள் தொங்கும். அதிகம் குடிப்பவர் உடம்பில் அவை உதிர்ந்து இரண்டாகும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. சி.டி.டி. என்று அந்தச் சோதனைக்குப் பெயர். ஐரோப்பாவில் சில நாடுகளில் குடித்து ஓட்டிப் பறிபோன லைசென்ஸைத் திரும்பத் தர இதைப் போட்டுப் பார்க்கிறார்கள். இது ஏற வேண்டுமென்றால் தினம் 50, 60 கிராம் வீதம் இரண்டு வாரமாவது போயிருக்க வேண்டும் என்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 60 கிராம். மாமாவின் ஒன்பதரை மணிக் குவார்ட்டர்.

அதற்குப் பின் வந்தது பெத். பாஸ்ஃபடிடைல் எத்தனால் என்று முழுப் பெயர். இதையும் 1980-களில் ஸ்வீடனில்தான் கண்டுபிடித்தார்கள். மது ரத்தத்தில் இருந்தால் மட்டுமே சிவப்பணுவின் சவ்வில் உருவாகிற கொழுப்பு இது. குடி இல்லையென்றால் இது உருவாக வழியே இல்லை. உருவாகிவிட்டால் வாரக்கணக்கில் தங்கும். ஒரு மில்லியில் 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குடிக்கவில்லை, அல்லது மிகக் கொஞ்சம். 200-ஐத் தாண்டினால் கனத்த குடி. அதற்குள் எங்கள் லேபைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கி, கலெக்‌ஷன் சென்டராக்கிவிட்டிருந்தது. ஊதா மூடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துச் சாயங்கால வண்டிக்குக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. நிறம் எழுவதை யாரும் பார்ப்பதில்லை. எண் மட்டும் மூன்றாம் நாள் மெயிலில் வரும்.

கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தவர்களின் ரத்தம்தான் பெத் சோதனைக்குப் போவதில் அதிகம். பல ஆஸ்பத்திரிகளில் ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும். ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வருவார். வயிறு நீர் கோத்து முன்னால் நிற்கும், கண் மஞ்சள் பூத்திருக்கும். அந்த அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னார்: “இவரு விட்டுட்டாருன்னு எங்க அண்ணன் தம்பிக யாரும் நம்பலங்க. எழுதிக் குடுங்க, காட்டணும்.” பெத் 20-க்குக் கீழேதான் வந்தது. அந்தத் தாளை அவர் இரண்டு பிரதி கேட்டு வாங்கிப் போனார். ஒரு ஆள் பொய் சொல்கிறார் என்று காட்டுவதற்கே இத்தனை வருஷம் இந்த எண்களைப் பார்த்திருந்த எனக்கு, ஒரு ஆள் உண்மை சொல்கிறார் என்று காட்டவும் அதே ரத்தம் உதவும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இத்தனை மிஷின் வந்தும் டாக்டர் சொன்ன அந்த மூன்றாவது ஆளை, இன்னும் கெடாத ஆளை, ரத்தம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கிளினிக்குக்கு வருகிற சாதாரண ஜனங்களிடம் ஜி.ஜி.டி., எம்.சி.வி. பார்ப்பதைவிடப் பத்துக் கேள்வி கேட்பது அதிகம் பேரைக் கண்டுபிடிக்கிறது. ஆடிட் என்று அந்தக் கேள்வித் தாளுக்குப் பெயர். உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்ஸிகோ, நார்வே, அமெரிக்கா என்று ஆறு நாட்டில் சோதித்து 1980-களில் உருவாக்கினார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு நேரத்தில் எவ்வளவு, ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை தடவை, யாராவது குறைத்துக்கொள்ளச் சொன்னார்களா. 40-க்கு 8 வந்தால் கவனிக்க வேண்டும். டாக்டர் இதைத் தமிழில் எழுதி மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். ஆனால் நம் ஊரில் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அம்மா இருந்தால் ஒரு பதில், மனைவி இருந்தால் ஒரு பதில். டாக்டர் முதலில் கூட வந்தவர்களை வெளியே அனுப்புவார். பிறகு, “குடிப்பீங்களா?” என்று கேட்க மாட்டார். “ராத்திரி எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்க?” என்பார்.

அவரிடம் ஒரு கட்டுரையின் ஜெராக்ஸ் இருந்தது, ஓரமெல்லாம் பழுத்துப்போய். மால்மோ நகரத்தைப் பற்றியது. விட்மார்க் இருந்த லுண்ட்டுக்குப் பக்கத்து ஊர். அந்த ஊரில் நடுத்தர வயது ஆண்களைக் கூப்பிட்டு ரத்தம் பார்த்தார்கள். ஜி.ஜி.டி. மிக மேலே இருந்தவர்களை இரண்டு குழுவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, ‘உங்கள் கல்லீரலில் மாற்றம் தெரிகிறது, குடியைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று கடிதம் போனது. இன்னொரு குழுவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்த்தார். மாதா மாதம் ஒரு நர்ஸ் ரத்தம் எடுத்து, எண்ணைக் காட்டி, உட்கார்ந்து பேசினார். முழுக்க விடு என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. 1983-ல் முடிவு வந்தது. நர்ஸ் பார்த்த குழுவில் வேலைக்கு வராத நாள் குறைந்தது, ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் குறைந்தது, சாவு குறைந்தது. ஆனால் ஜி.ஜி.டி. மட்டும் இரண்டு குழுவிலும் இறங்கியிருந்தது. “எண்ணு ரெண்டு பக்கமும்தான் இறங்குச்சு. ஆளு பொழைச்சது நர்ஸு பக்கம்” என்பார் டாக்டர். அந்த வரியின் கீழே பென்சிலில் இரட்டைக் கோடு போட்டிருந்தார்.

மாமாவுக்கு அவர் அந்த மால்மோ வைத்தியத்தையே செய்தார். மாதம் ஒரு தடவை ரத்தம். நர்ஸுக்குப் பதிலாக நான். மாமா முதல் மாதம் முறைத்துக்கொண்டே வந்தார். இரண்டாம் மாதம் 150. “என்ன, இறங்குது?” என்று கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். குவார்ட்டர் கட்டிங்காகியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதம் 110. அதற்குள் புக்கிங் ஆபீஸ் முழுக்க அந்த எண் பரவிவிட்டது. ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிரைவர்களிடம் காட்டுவாராம். “உனக்கு எவ்வளவுடா இருக்கு? போய்ப் பாரு, எங்க பாப்பா லேப்தான்.” எங்களுக்கு அவரால் வந்த கேஸ்களே ஒரு கை நிறைய இருக்கும்.

ரத்தம் எடுக்கும் நேரம் என்னவோ இரண்டு நிமிஷம். அவர் அரை மணி நேரம் உட்காருவார். லாரி ஓட்டிய காலத்தில் வாளையாறு செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்த ராத்திரிகள், கூட வந்த கிளீனர் பையன் இறந்துபோனது, அந்த வாரத்தில்தான் தனியாகக் குடிக்க ஆரம்பித்தது. அத்தைக்கு இதெல்லாம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் ஸ்வீடனில் 1955 வரை மதுவுக்கு ரேஷன் புத்தகம் இருந்தது, அதற்குப் பின் அரசாங்கமே கடை வைத்து விற்கிறது என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். டாஸ்மாக் 1983-லேயே வந்தாலும், தெருத் தெருவாகச் சில்லறைக் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது 2003 கடைசியில். அப்போது அது புதுசு. “அங்கயும் கவர்மென்ட்டுதான் விக்குதா?” என்று யோசித்தவர், “ஆனா அவன் நர்ஸையும்ல அனுப்புறான்” என்றார்.

மகள் கல்யாணம் முடிந்த மாதம் மாமா இரண்டு நாள் தள்ளி வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டூர்னிக்கெட்டைக் கையில் எடுத்தேன்.

“பாப்பா, இந்த மாசம் ஏறியிருக்கும். மிஷின்ல போடாமலே எழுதிக்க.”

“எவ்வளவு மாமா?”

“சம்பந்தி வீட்டாளுகளோட மூணு நாள். அதுக்கப்புறம் விட முடியல. தினம் ஆஃப் வரைக்கும் போயிருச்சு. உங்க அத்தைகிட்ட சொல்லிட்டேன்.”

ரத்தத்தை எடுத்தேன். 172. சாயங்காலம் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷத்தில் நான் ரிப்போர்ட் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில், எண் வருமுன்பே தன் குடியைச் சரியான அளவில் சொன்ன ஆள் மாமா ஒருவர்தான். மாதா மாதம் ஊசி குத்தியது இதற்காகத்தான் என்று டாக்டருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது போலும். “விட்ட அன்னைக்குக் கை நடுங்குச்சா? தூக்கம் வந்துச்சா?” என்று கேட்டார். நடுக்கம் இல்லை, தூக்கம்தான் வரவில்லை என்றார் மாமா. கேட்டுக்கொண்டே டாக்டர் அடுத்த சீட்டை எடுத்தார். இந்தத் தடவை ஜி.ஜி.டி.யை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில் எழுதினார்.